பென்சிலோடு புதைக்கப்பட்ட பிரபு

1974-ஆம் ஆண்டு ஜப்பானின் செண்டாய் நகரத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். மேலே இருந்த நினைவு மண்டபம் 1945 ஜூலை 10 அன்று நடந்த அமெரிக்க விமானத் தாக்குதலில் எரிந்து போயிருந்தது. அதைத் திரும்பக் கட்டுவதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோண்டினார்கள். 338 ஆண்டுகளாக அங்கே கிடந்தவரின் எலும்புகள் வெளியே வந்தன. உயரம் 159.4 சென்டிமீட்டர், ரத்த வகை பி என்றெல்லாம் கணக்கிட்டார்கள். கூடவே வாள், கவசம், எழுதுபொருள் பெட்டி, புகைக்குழாய்கள், ஐரோப்பியச் சாயலில் ஒரு தங்க அணி. அப்புறம் ஒரு பென்சில்.

பென்சில் என்றால் பள்ளிக்கூடத்தில் நாம் சீவிச் சீவித் தேய்த்தோமே, அதேதான். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ஜப்பானில் கிடைத்தவற்றில் மிகப் பழைய பென்சில்கள் இரண்டு. ஒன்று நாட்டையே ஆண்ட தொகுகாவா இயேயாசுவுடையது, மற்றது இவருடையது.

நான் செண்டாய் போனது இவருக்காகத்தான். அலுவலகப் பயிற்சிக்காக டோக்கியோவில் பத்து நாள் இருந்தேன், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது. ஷின்கான்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரம். தலைக்கவசத்தில் ஒரு பக்கம் நீண்டு வளைந்த பிறைநிலா, கறுப்புக் கவசம், ஒற்றைக்கண். வீடியோ விளையாட்டுகளில் வருகிற அந்த உருவத்தைத் துரத்திக்கொண்டுதான் போனேன். திரும்பி வரும்போது மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது பென்சில்.

பெயர் தாத்தே மசாமுனே. குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘டேட்’ என்று படித்துவிட்டு நாள்காட்டியைத் தேடுவோம். தமிழில் எழுதினாலோ தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசிக் காலத்தில் மூன்றாம் ஷோகன் (நாட்டை நடைமுறையில் ஆண்ட படைத்தலைவர்) இயேமித்சு அவரை ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்.

1567-இல் பிறந்து 1636-இல் இறந்தவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் 23 வருஷத்தை எழுதுவார்கள், ஏனென்றால் ரத்தமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 1590-இல் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. நாடு ஒரே ஆளின் கைக்குள் போயாயிற்று, இனி யாரும் தன் இஷ்டத்துக்குப் பக்கத்துப் பிரபுவின் நாட்டைப் பிடிக்க முடியாது. மிச்சம் 46 வருஷம். போர் செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட ஓர் ஆள், போருக்கு வேலையில்லாத அத்தனை வருஷத்தையும் என்ன செய்து கழித்தார்? எனக்குப் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.

சரி, முதலில் அந்த 23 வருஷம்.

வட ஜப்பானில் யோனெசாவா கோட்டையில் பிறந்தார். சிறுவயதுப் பெயர் போன்தென்மாரு. சுமார் ஐந்து வயதில் பெரியம்மை வந்து வலக்கண் போயிற்று. வெளியே பிதுங்கிக் கிடந்த கண்ணைத் தன் ஆளான கதகுரா கொஜூரோவைக் கூப்பிட்டு வெட்டி எறியச் சொன்னான் சிறுவன் என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு நல்ல காட்சி. ஆனால் கல்லறையில் கிடைத்த மண்டையோட்டின் கண்குழியில் கத்தி பட்ட தடயம் எதுவும் இல்லை. நோயில் பார்வை போனது, அவ்வளவுதான். அப்பா தெருமுனே, கொசாய் சோயித்சு என்ற ஜென் துறவியை வரவழைத்து மகனுக்கு ஆசிரியராக வைத்தார். வாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். தூரிகை பிடிக்கவும் சீனக் கவிதை எழுதவும் பழக்கியவர் அந்தத் துறவி. பின்னால் மிச்ச ஆயுளை ஓட்டியது அந்தப் படிப்பை வைத்துத்தான்.

இவரைப் போன்ற பிரபுக்களைக் குறிக்கிற ‘டைம்யோ’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘பெரிய பெயர்’. சொந்த நிலம், சொந்தப் படை, சொந்தக் கோட்டை வைத்திருந்த குறுநிலப் பிரபு. அவருடைய தகுதியை அளந்தது பொன்னை வைத்தோ ஏக்கரை வைத்தோ இல்லை, அரிசியை வைத்து. அளவின் பெயர் கொக்கு. ஒரு கொக்கு ஏறத்தாழ 180 லிட்டர், சுமார் 150 கிலோ அரிசி, ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடக் காணும். (‘ஆறு லட்சத்து இருபதாயிரம் கொக்குகளுக்கு அதிபதி’ என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு வேடந்தாங்கல்தான் கண்முன் வந்தது.) நிலம் எவ்வளவு விளையும் என்று மதிப்பிட்ட கணக்கு அது. அதை வைத்தே ஒரு பிரபு எத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும், ஷோகனுக்கு முன்னால் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் முடிவானது.

1584-இல் தெருமுனே நாற்பது வயதிலேயே விலகிக்கொண்டு பட்டத்தை மகனிடம் கொடுத்தார். பையனுக்கு 17. அடுத்த வருஷமே ஓதெமோரி என்ற சிறு கோட்டையைப் பிடித்து உள்ளே இருந்தவர்களை வெட்டித் தள்ளினார். அதைத் தன் தாய்மாமன் மொகாமி யோஷியாகிக்குக் கடிதமாகவே எழுதினார்: பெண்கள், குழந்தைகள் மட்டுமில்லை, நாய்களைக்கூட விடவில்லை, ஆயிரத்துக்கு மேல். செத்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்து ஆவணங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மாமனுக்குச் சொன்னது ஊதிப் பெருக்கிய கணக்காக இருக்கலாம். ஊதியதாகவே இருக்கட்டும். ஊதிப் பெருமைப்பட்டுக்கொள்ளத் தோன்றிய விஷயம் எது என்று பாருங்கள். பின்னால் அவர் செய்த நல்ல காரியங்களைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன், அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தைத் தாண்டி அவரை முழுசாகப் பிடித்துப்போனது கிடையாது.

அதே வருஷக் கடைசியில் அப்பாவைப் பறிகொடுத்தார். சமாதானம் பேச வந்த ஹதகேயாமா யோஷித்சுகு என்ற பிரபு, வழியனுப்ப வாசலுக்கு வந்த தெருமுனேயையே பிணையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அபுகுமா ஆற்றங்கரையில் மகனின் ஆட்கள் மடக்கினார்கள். அங்கே யோஷித்சுகுவும் செத்தார், தெருமுனேயும் செத்தார். ‘என்னைப் பார்க்காதே, சுடு’ என்று அப்பா கத்தினார் என்பார்கள். மசாமுனே அங்கே இருந்தார் என்பார்கள், வேட்டைக்குப் போயிருந்தார், பிறகுதான் வந்தார் என்பார்கள். எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், 18 வயதில் அப்பாவின் உடலை அந்த ஆற்றங்கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாக வேண்டியிருந்தது.

1589 கோடையில் சுரியாகெஹாரா என்ற இடத்தில் அஷினா குடும்பத்தைத் தோற்கடித்து ஐசு நாட்டைப் பிடித்தார். 21 வயதில் வடக்கே அவரை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் என்னவென்றால், மேற்கே தொயொதோமி ஹிதேயோஷி ஏற்கெனவே கிட்டத்தட்ட முழு நாட்டையும் மடக்கிப் போட்டு, ‘இனி யாரும் தங்களுக்குள் சண்டை போடக் கூடாது’ என்று உத்தரவும் போட்டிருந்தார். ஊர் முழுக்கக் கடை அடைத்த பிறகு வியாபாரத்தை ஆரம்பித்த கதை. இருபது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இவர்தான் நாட்டைப் பிடித்திருப்பார் என்று செண்டாய்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அதில் பாதி ஊர்ப்பாசம் என்று நினைக்கிறேன். வடகோடியில் இருந்துகொண்டு அன்றைய தலைநகரான கியோத்தோவைப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

1590-இல் ஹிதேயோஷி ஒதவாரா கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது எல்லாப் பிரபுக்களும் வந்து தலைகாட்ட வேண்டும் என்று ஆணை. மசாமுனே இழுத்தடித்து, மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். நேரே பார்க்கவிடாமல் ஹகோனே மலையில் காவலில் வைத்தார்கள். தலை இருக்குமா போகுமா என்று தெரியாத அந்த நாட்களில் அவர் சொல்லியனுப்பிய கோரிக்கை: ‘தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ இங்கே வந்திருக்கிறாராமே, அவரிடம் பாடம் கேட்கலாமா?’ இந்தத் துணிச்சலை ஹிதேயோஷி ரசித்தார் என்று சொல்கிறார்கள். பிறகு வெள்ளை உடையில், அதாவது சாகப்போகிறவன் உடுத்துகிற உடையில், அவர் முன்னால் போய் மண்டியிட்டார். ஹிதேயோஷி கைத்தடியால் அவர் கழுத்தைத் தட்டி, ‘இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இது போயிருக்கும்’ என்றாராம். தலை தப்பியது. ஐசு போயிற்று.

ஒதவாராவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலும் ஒரு விபரீதம் நடந்ததாகச் சொல்வார்கள். இளையவன் கொஜிரோவைப் பட்டத்தில் உட்கார வைக்க அம்மா யோஷிஹிமே மூத்தவனுக்குச் சாப்பாட்டில் விஷம் வைத்தாள். பிழைத்துக்கொண்ட மகன், அம்மாவைக் கொல்ல மனமில்லாமல் தம்பியை வெட்டினான். அம்மா அன்றிரவே பிறந்த வீட்டுக்கு ஓடிப்போனாள். ரொம்ப நாள் எல்லாரும் இதை நம்பினார்கள். ஆனால் அவள் பிறந்த வீட்டுக்குப் போனது 1594-இல்தான் என்று அந்தக் கொசாய் துறவியின் கடிதம் ஒன்று காட்டிக்கொடுத்துவிட்டது. 1593-இல் ஹிதேயோஷியின் படையோடு கொரியாவில் இருந்த மகனுக்கு அம்மா கடிதமும் கைச்செலவுக்குப் பொன்னும் அனுப்புகிறாள். மகன் நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதி, அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று தேடி, கொரியப் பருத்தித் துணி அனுப்பி வைக்கிறார். விஷம் வைத்த அம்மாவுக்கும் விஷம் தின்ற பிள்ளைக்கும் இடையே இப்படியொரு கடிதம் போகுமா? தம்பி செத்தானா, துறவியாக்கி எங்கேயாவது அனுப்பிவிட்டார்களா என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. யோஷிஹிமேயின் பிறந்த வீடான மொகாமி குடும்பத்தை 1622-இல் ஷோகன் அரசு கலைத்தபோது, கிழவிக்குப் போக்கிடம் மகன் வீடுதான். செண்டாய்க்கு வந்தாள், அடுத்த வருஷம் அங்கேயே இறந்தாள்.

1591-இல் இன்னொரு கண்டம். பக்கத்துப் பகுதியில் வெடித்த உழவர், சாமுராய் கலகத்தைத் தூண்டிவிட்டதே இவர்தான் என்று கடிதம் சிக்கியது. கியோத்தோவுக்கு விசாரணைக்குப் போனார், அதுவும், கொல்வதானால் இதில் அறையுங்கள் என்பது போல, தங்கத் தகடு ஒட்டிய சிலுவை மரத்தை ஊர்வலமாக முன்னால் தூக்கிக்கொண்டு. ‘என் கையொப்பம் வாலாட்டிக் குருவி வடிவம். நான் எழுதியதாக இருந்தால் குருவியின் கண்ணில் ஊசித்துளை இருக்கும். இதில் இல்லை’ என்று வாதாடினாராம். ஹிதேயோஷி நம்பினாரோ, நம்பியது போல் இருந்தாரோ, அவரை உயிரோடு விட்டுவிட்டார். பிறந்த ஊர் யோனெசாவாவைப் பிடுங்கிக்கொண்டு, கலகத்தில் சீரழிந்து கிடந்த அதே பகுதியைக் கையில் கொடுத்தார். ‘நீ கொளுத்திய வீட்டில் நீயே குடியிரு’ என்பது போல.

1600-இல், நாடு யாருக்கு என்று தீர்த்த செக்கிகஹாராப் போருக்கு முன்னால் இயேயாசு இவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ஏழு மாவட்டங்கள் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்தால் பத்து லட்சம் கொக்கைத் தாண்டும். ஆனால் அந்த நேரத்தில் மசாமுனே பக்கத்து நன்பு நாட்டில் கலகத்துக்குக் கை கொடுத்து மாட்டிக்கொண்டார். கிடைத்தது ஒரே ஒரு மாவட்டம். புத்தி லேசில் போகவில்லை மனுஷனுக்கு. மொத்தக் கணக்கு ஒருவழியாக 6 லட்சத்து 20 ஆயிரம் கொக்கில் நின்றது. 34 வயதில், 1601-இல், ஆவோபா மலைமேல் புதுக் கோட்டையும் கீழே புது நகரமும் கட்டத் தொடங்கினார். அதுதான் செண்டாய்.

அந்தக் கோட்டைக்கு நடுக்கோபுரம் கட்டவில்லை. ஜப்பானியக் கோட்டை என்றதும் நம் கண்ணில் தெரிகிற அடுக்கடுக்கான வெள்ளைக் கோபுரம் அங்கே இல்லவே இல்லை. மேலே உருட்டி விழிக்கிற அரசு இருக்கும்போது உயரமாக எதையும் கட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆசையைக் கோயில்களில் தீர்த்துக்கொண்டார். மத்சுஷிமாக் கடலோரத்தில் ஜுய்கான்-ஜி கோயிலை ஐந்து வருஷம் செலவழித்து 1609-இல் எடுப்பித்தார்; மரம் தெற்கே குமானோவிலிருந்து வந்தது, தச்சர்கள் கியோத்தோ பக்கத்திலிருந்து.

இனி, எனக்குப் பிடித்த பகுதி.

அவருக்குப் பக்கத்திலேயே இருந்த பணியாளர்கள் அவருடைய அன்றாட வாழ்க்கையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் போர்க்களம் குறைவு, வீடு அதிகம். மறுநாள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று இரவே சொல்லி வைப்பார். முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டால், பணியாள் வந்து நேரமாயிற்று என்று சொல்லும்வரை படுக்கையிலேயே கிடப்பார். எழுந்ததும் புகைக்குழாய். புகைப்பதற்கும் நேரம் வைத்திருந்தார், கண்ட நேரத்தில் ஊதுவதில்லை. அப்புறம் கழிவறையோடு சேர்ந்த சிறு அறைக்குள் போவார். போனால் லேசில் வரமாட்டார். எழுதுபொருளெல்லாம் உள்ளேயே உண்டு. அன்றைக்குக் காலையும் மாலையும் என்ன சமைக்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்துதான் யோசித்துப் பட்டியல் போடுவார். ஓய்வு பெற்ற பிறகு சமையலறையில் தலையிட ஆரம்பித்த எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார்; அவரும் காலைக் காபியோடு ராத்திரிச் சாப்பாட்டைத் தீர்மானித்துவிடுவார். ஆறு லட்சம் கொக்குதான் கிடையாது.

விருந்து என்றால் என்ன என்பது பற்றி மசாமுனே சொன்னதாக ஒரு வாசகம் உண்டு: அந்தந்தப் பருவத்துப் பொருளை ஆர்ப்பாட்டமில்லாமல் எடுத்து வந்து, வீட்டுக்காரரே தம் கையால் சமைத்துப் போடுவதுதான் விருந்து. சும்மா பேச்சு இல்லை. ஷோகனுக்கு விருந்து வைத்தபோது அவரே தட்டை ஏந்திப் பரிமாறினார். செண்டாயில் பெரிய மிசோ கிடங்கு கட்டினார். மிசோ என்பது சோயாவைப் புளிக்க வைத்த கெட்டி விழுது. படைக்கு நாள்பட்டுக் கெடாத உணவாக வேண்டியிருந்தது, பிறகு ஊர்ப் பெயரோடு சேர்ந்துவிட்டது. செண்டாய் மிசோ இப்போதும் கடையில் கிடைக்கிறது. பச்சைச் சோயாவை மசித்து இனிப்புச் சேர்த்து அரிசிக் களியில் பூசித் தருகிற ஜுன்தா மோச்சியையும் இவர் தலையில் கட்டுகிறார்கள். கட்டட்டும். ரயில் நிலையத்தில் வாங்கித் தின்றேன், இளம்பச்சையாக, சோயா மணத்தோடு, தித்திப்பு கொஞ்சம் தூக்கல். அதே நிலையத்தில் வரிசை கட்டி நிற்கிற மாட்டு நாக்குக் கடைகளுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

அப்புறம் கடிதங்கள். பிரபுக்கள் பொதுவாக எழுத்தரை வைத்து எழுதி முடிவில் முத்திரை குத்துவார்கள். இவர் தாமே எழுதுவார். அவர் கைப்பட எழுதியவை ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ‘படித்ததும் தீயில் போடு’ என்று சிலவற்றில் எழுதியிருப்பார். யாரும் போடவில்லை என்பதால்தான் நாம் படிக்கிறோம். ஐம்பது வயதை ஒட்டி, சகுஜூரோ என்ற இளைஞனுக்கு எழுதியது ஒன்று உண்டு. சாமுராய்களிடையே ஆணும் ஆணும் காதலிப்பது அன்று ஒளித்து வைக்கிற விஷயம் இல்லை. ஒருநாள் குடிபோதையில், ‘நீ வேறொருவனோடு பழகுகிறாய்’ என்று மசாமுனே ஏதோ சொல்லித் தொலைத்துவிட்டார். அவன் தன் கையைக் கிழித்து ரத்தத்தில் சத்தியம் எழுதி அனுப்பிவிட்டான். அதற்கு இவர் பதில்: என்ன சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை, குடித்திருந்தேன், உனக்கு ஈடாக நானும் விரலையோ தொடையையோ வெட்டிக்கொள்ள வேண்டியவன்தான், ஆனால் பேரப்பிள்ளை எடுக்கிற வயதாகிவிட்டது, குளிக்கும்போது யாராவது பார்த்தால், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சிரிப்பார்கள், பிள்ளைகளுக்கும் தலைகுனிவு. நாய்களைக்கூட விடவில்லை என்று மாமனுக்கு எழுதிய அதே கை.

இந்த நடைமுறை வாழ்க்கைக்கு நடுவில், ஒரு கப்பல் கட்டி ஐரோப்பாவுக்குத் தூது அனுப்பிய காரியம் ஒன்றுதான் பழைய மசாமுனே. 1611 டிசம்பர் 2 அன்று வட கிழக்குக் கரையில் நிலநடுக்கம், பின்னாலேயே ஆழிப்பேரலை. அவருடைய நாட்டில் மட்டும் 1,783 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. கரையை அளந்துகொண்டிருந்த செபாஸ்டியன் விஸ்கைனோ என்ற ஸ்பானியர் அன்று அங்கே கடலில் இருந்தார். அலை வடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மசாமுனே அந்த ஸ்பானியர்களின் உதவியோடு ஐரோப்பிய முறையில் ஒரு பெரிய கப்பலைக் கட்டி முடித்தார். 1613 அக்டோபர் 28 அன்று சுமார் 180 பேரோடு அது த்சுகினோஊரா துறையிலிருந்து கிளம்பியது. தலைமைத் தூதர் ஹசெகுரா த்சுனெனாகா என்ற நடுத்தரச் சாமுராய். வழிகாட்டி லூயிஸ் சொதேலோ என்ற பிரான்சிஸ்கன் துறவி. மெக்சிகோவோடு நேரடி வியாபாரம் வேண்டும், பதிலுக்குப் பாதிரியார்களை அனுப்புங்கள், இதுதான் பேரம்.

ஹசெகுரா பசிபிக் கடலைத் தாண்டி, மெக்சிகோ வழியாக ஸ்பெயின் போய், மாட்ரிட்டில் 1615-இல் ஞானஸ்நானம் பெற்று, ரோமில் போப் ஐந்தாம் பாலைப் பார்த்தார். ரோம் நகரம் அவருக்குக் குடியுரிமைப் பத்திரமே கொடுத்தது. ஆனால் 1614-இலேயே ஷோகன் அரசு நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டுவிட்டது. அந்தச் செய்தி ஐரோப்பாவுக்குள் கசியக் கசிய இவர் கையில் இருந்த பேரத்துக்கு மதிப்பு குறைந்துகொண்டே போனது. ஏழு வருஷம் அலைந்து 1620-இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். வந்த சில நாளிலேயே மசாமுனே தன் நாட்டில் கிறிஸ்தவத்தைத் தடை செய்து ஆணையிட்டார். ஹசெகுரா 1622-இல் இறந்தார். ஸ்பெயினில் செவீய் நகரத்துக்கு அருகே கோரியா தெல் ரியோ என்ற சிற்றூரில் சில நூறு பேர் இன்றும் ‘ஹப்போன்’, அதாவது ‘ஜப்பான்’ என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயே தங்கிவிட்ட தூதுக்குழுவினரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மசாமுனே நினைத்தது வியாபாரம், கிடைத்தது ஒரு குடும்பப் பெயர். ஹசெகுராவுக்கு அவர் செய்தது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. செய்யாமல் விட்டிருந்தால் நாடு போயிருக்கும் என்பதும் புரிகிறது.

கப்பல் ஏமாற்றியது, ஆறு ஏமாற்றவில்லை. கவாமுரா மாகோபெய் என்று ஒரு பொறியாளர். மேற்கே மோரி குடும்பத்திடம் வேலை பார்த்து, செக்கிகஹாராவுக்குப் பிறகு பிழைப்பு இழந்தவர். அவரை மசாமுனே எடுத்துக்கொண்டார். மாகோபெய் கிதகாமி ஆற்றை வளைத்து, வேறு ஆறுகளோடு சேர்த்து, இஷினோமாகி துறைமுகத்தில் கொண்டு விட்டார். சதுப்பு நிலம் வயலாயிற்று, படகில் ஏறிய நெல் துறைமுகம் வந்தது, அங்கிருந்து கப்பலில் எடோ போயிற்று. இன்றைய டோக்கியோவான அந்தப் பெருநகரம் சாப்பிட்ட அரிசியில் செண்டாய் அரிசிக்குப் பெரிய பங்கு. ஏட்டில் 6 லட்சத்து 20 ஆயிரம் கொக்கு. உண்மையான விளைச்சல் பிற்காலத்தில் பத்து லட்சத்தைத் தொட்டதாகச் சொல்கிறார்கள். இயேயாசு எழுதிக் கொடுத்து ஏமாற்றிய அதே பத்து லட்சம்.

மனைவியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கதைகளிலும் அப்படித்தான், அவள் வருவதே குறைவு. பெயர் மெகோஹிமே. 1579-இல் கல்யாணம், இருவருமே பிள்ளைகள். பதினைந்து வருஷம் கழித்து 1594-இல் முதல் குழந்தை, பெண். பிரபுக்கள் மனைவி மக்களை மேலிடத்தின் கண்ணெதிரே பிணையாக வைக்க வேண்டும் என்பதால் மெகோஹிமே முதலில் கியோத்தோவிலும் பிறகு எடோவிலும் வாழ்ந்தாள். கணவன் கட்டிய நகரத்தில் அவள் வாழவே இல்லை என்று சொல்லலாம். 1635-இல் பிரபுக்கள் ஒரு வருஷம் ஊரிலும் ஒரு வருஷம் எடோவிலுமாக இருக்க வேண்டும் என்பது சட்டமாகவே ஆயிற்று. செண்டாயிலிருந்து எடோவுக்கு ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு எட்டு ஒன்பது நாள் நடை.

அறுபதைத் தாண்டியதும் மலைக்கோட்டையை விட்டுக் கீழே வாகபயாஷியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த இடம் இப்போது மியாகி சிறைச்சாலை. கொரியாவிலிருந்து அவர் கொண்டு வந்ததாகச் சொல்லும் ஒரு ப்ளம் மரம் சிறை மதிலுக்குள்ளே இன்னும் இருக்கிறது, தரையோடு படுத்துக் கிடக்கிறதாம். பார்க்க வழியில்லை, பேருந்தில் அந்தப் பக்கம் போனதோடு சரி.

அந்த நாட்களில் எழுதிய சீனக் கவிதை ஒன்று ஜப்பானில் பலருக்கு மனப்பாடம். நாலே வரி. குதிரை மேல் இளமை கழிந்தது, உலகம் அமைதியானது, தலையில் நரை நிறைய. எஞ்சிய உடம்பை வானம் மன்னித்து விட்டுவைத்திருக்கிறது என்பது வரை சிக்கல் இல்லை. கடைசி வரியை ‘இதை அனுபவிக்காமல் என்ன செய்ய’ என்றும் படிக்கலாம், ‘இன்பமில்லையே, இது ஏன்’ என்றும் படிக்கலாம். இரண்டு கட்சியும் இன்னும் இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று இரண்டுமே அவருக்குத் தோன்றியிருக்கும்.

1636-இல் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் என்று இன்று ஊகிக்கிறார்கள். அந்த நிலையிலும் எடோவுக்குக் கிளம்பினார். புறப்படுவதற்கு முன்னால் குயில் சத்தம் கேட்க மலைப்பக்கம் போனவர், ஓரிடத்தில் கைத்தடியை ஊன்றி, ‘இங்கே புதையுங்கள்’ என்றாராம். எடோ போய்ச் சேர்ந்தார். இயேமித்சு தம் மருத்துவர்களை அனுப்பினார், கடைசியில் தாமே வீட்டுக்கு வந்தார். கிழவர் எழுந்து, தலைவாரி, முறையான உடை உடுத்தி, உட்கார்ந்தே வரவேற்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். எடோவில் ஏழு நாள், கியோத்தோவில் மூன்று நாள் கேளிக்கைகளை நிறுத்தினார்கள். சொந்த ஆட்கள் பதினைந்து பேர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கூடவே போனார்கள். அந்தப் பதினைந்து பேரின் பணியாட்களில் ஐந்து பேர் தங்கள் எஜமானர்களோடு போனார்கள். அந்த இருபது பேருக்கும் அவருடைய மண்டபத்தைச் சுற்றிக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பணியாளனின் பணியாளனாகச் செத்தவனின் கல் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசி நாட்களில் மெகோஹிமே, ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா என்று சொல்லியனுப்பினாள். அதே எடோவில்தான் இருந்தாள். அலங்கோலமாகக் கிடக்கிறேன், வர வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவருக்குப் பிறகு 17 வருஷம் அவள் துறவியாக வாழ்ந்தாள்.

தன்னைப் படமாக வரைந்தாலும் சிலையாகச் செதுக்கினாலும் இரண்டு கண்ணும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், அம்மா அப்பா கொடுத்த உடம்பைக் குறையோடு காட்டக் கூடாது என்று. கோட்டை மேட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலைக்கும் இரண்டு கண்தான். 1935-இல் வைத்த சிலையைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காகக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். இப்போதிருப்பது 1964-இல் அதே அச்சில் வார்த்தது. நான் மேலே ஏறியபோது நாலு மணி. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சிலையைப் போல நெஞ்சை நிமிர்த்தினான். பக்கத்தில் நின்ற பெண் சிலையை அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணிக் காட்டினாள். பையன் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தான்.